தூதர், ஸஃபீர், கான்சல்: ஒரு சொல் சுமக்கும் சுமை

ரசூல், ஸஃபீர், வகீல், வஃப்து, குன்ஸுல் என்று அரபு மொழி ஐந்து சொற்களை நிறுத்தும் இடத்தில், தமிழில் எழுதும் நாம் ‘தூதர்’ என்ற ஒரே சொல்லை நிறுத்திப் பழகிவிட்டோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் தூதர். அவர்களுடைய மடலைக் கிஸ்ராவின் அவைக்குக் கொண்டு சென்ற அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்களும் தூதர். புதுதில்லியில் கொடி பறக்கும் காரில் செல்லும் அயல்நாட்டு அதிகாரியும் தூதர். சென்னையில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துகிற அலுவலரும் ‘துணை’ என்னும் அடைமொழியோடு தூதரே. ஒரு சொல் பல பொருளைத் தாங்குவது எம்மொழிக்கும் இயல்புதான். ஆனால் ஒன்றுக்கொன்று வேறான அதிகாரங்களையும் பொறுப்புகளையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, படிப்பவனுக்கு நூலின் பொருள் மட்டும் மங்குவதில்லை; தன் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் மங்கிவிடுகிறது. நம் மொழிபெயர்ப்பு நூல்களையும் நாளேடுகளின் வழக்கையும் இந்த நோக்கில் சற்றே திறனாய்வு செய்து பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

முதலில் அரபுச் சொற்கள். ‘ரசூல்’ என்பது அனுப்புதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவது. அனுப்பப்பட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘ஸஃபீர்’ வேறு. ஸீன், ஃபா, ரா என்னும் வேருக்குத் திரை விலக்குதல், பயணம் போதல், எழுதுதல், பிணங்கிய இரு கூட்டத்தாரிடையே இணக்கம் செய்தல் எனப் பல கிளைகளை அகராதியாளர் காட்டுவர். வானவ எழுத்தர்களைக் குறிக்க ‘அபஸ’ அத்தியாயத்தில் ஆளப்பட்டிருக்கும் ‘ஸஃபரா’ என்ற சொல்லும் இவ்வேரினதே. ஆக, ஸஃபீர் என்பவர் அனுப்பப்பட்டவர் மட்டும் அல்லர். இருவருக்கிடையே மூடிக் கிடப்பதைத் திறந்து காட்டி இணக்குபவர். ‘வகீல்’ பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். ‘வஃப்து’ ஒரு குலத்தின் சார்பாகத் திரண்டு வரும் குழு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் மதீனாவுக்கு இத்தகைய குழுக்கள் தொடர்ந்து வந்தமையால் அவ்வாண்டுக்கே ‘ஆமுல் உஃபூது’ என்று பெயராயிற்று. ‘குன்ஸுல்’ அரபு அன்று; இத்தாலிய வணிகர் இஸ்கந்தரிய்யாத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்த இலத்தீன் சொல். அரபு அதனைத் தன் ஓசைக்கேற்பத் திருத்தி அப்படியே வைத்துக்கொண்டது.

இச்சொற்களிடையே உள்ள வேறுபாட்டை மொழியறிஞரைக் காட்டிலும் ஃபிக்ஹு அறிஞர்களே கூர்மையாக வகுத்தனர். ‘ஹிதாயா’ முதலிய ஹனஃபி நூல்களின் வகாலத் பாடத்தைப் பயின்ற மாணவன் இதனை மறக்க மாட்டான். விற்றல், வாங்கல், வாடகைக்கு விடல் போன்றவற்றில் வகீல் தன் பெயரிலேயே ஒப்பந்தம் பேசலாம். அப்போது விலையைக் கேட்பதும் பொருளை ஒப்படைப்பதும் அவர் பொறுப்பாகும். திருமணத்தில் அப்படியன்று. அங்கே வகீல் ‘ஸஃபீரும் முஅப்பிரும்’ மட்டுமே, அதாவது இடைநின்று எடுத்துரைப்பவர் மட்டுமே. நம் நிகாஹ் மஜ்லிஸுகளில் மாப்பிள்ளையின் வகீலாக அமரும் பெரியவரிடம் போய் யாரும் மஹரைக் கேட்பதில்லை. சொல் அவர் வாயிலிருந்து வந்தாலும் கடமை அவரை அனுப்பியவருடையது. ஒருவர் பேசுகிற பேச்சுக்குக் கட்டுப்படுகிறவர் யார் என்னும் இந்தக் கேள்வியே அரசுகளுக்கிடையேயான உறவின் அடித்தளக் கேள்வியுமாகும்.

இதே வகுப்பு தமிழுக்குப் புதிதன்று என்பதுதான் வியப்பு. திருக்குறளின் 69ஆம் அதிகாரமாகிய ‘தூது’க்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதுவரை இரு வகையாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முன்னவன் அமைச்சனுக்கு நிகரானவன். நிலைமை அறிந்து, தன் அறிவால் சொல்லை ஆக்கித் தன் அரசனுக்கு நலம் தேடுபவன். பின்னவன் ஒப்படைத்த சொற்களைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பவன். அதிகாரத்தின் இறுதிக் குறள்களைப் பின்னவனுக்கு உரியவையாகப் பொருத்துகிறது உரை. வள்ளுவரே அவ்விடத்தில் ‘வழியுரைப்பான்’ என்றொரு தனிச் சொல்லை ஆள்கிறார். அர்த்தசாஸ்திரம் இதனை மூன்றாக்கி, முழு அதிகாரம் உடையவன், வரம்புக்குட்பட்டவன், ஓலை கொண்டு செல்பவன் என்று பிரிக்கும். அரபில் இப்னுல் ஃபர்ராஃ ‘ருஸுலுல் முலூக்’ என்று அரசர்களின் தூதுவரைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஸலாஹுத்தீன் அல்முனஜ்ஜித் அதனைப் பதிப்பித்து 1947இல் கெய்ரோவில் வெளியிட்டார். தூதுவனுக்கு அறிவும் கல்வியும் மட்டுமன்றித் தோற்றப் பொலிவும் வேண்டும் என்பதில் குறளும் அந்நூலும் ஒத்துப்போவதைக் காணும்போது, அழகுக்குப் பேர்போன திஹ்யா அல்கல்பீ (ரலி) அவர்கள் ஹிரக்லின் அவைக்குத் தேர்ந்தனுப்பப்பட்டது நினைவுக்கு வருகிறது. இவ்வளவு செல்வம் இரு மொழியிலும் இருக்க, நம் கையில் மிஞ்சியது ஒரே ஒரு ‘தூதர்’ என்பது வருந்தத்தக்கது.

இதனால் நம் சீறா உரைநடை நூல்களில் நேர்ந்த இழப்பைப் பார்ப்போம். மன்னர்களுக்கு மடல் அனுப்பிய நிகழ்ச்சிகளை அவை பெரும்பாலும் ‘இன்ன ஸஹாபி இன்ன மன்னருக்குக் கடிதம் கொண்டு சென்ற தூதர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. படிப்பவர் மனத்தில் தபால்காரர் உருவமே எழுகிறது. ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் எகிப்தின் முகவ்கிஸிடம் மடலை நீட்டியதோடு நிற்கவில்லை. ‘உங்கள் தலைவர் நபியாயின், தம்மை ஊரைவிட்டு வெளியேற்றியவர்களை ஏன் சபிக்கவில்லை’ என்னும் கருத்துப்பட முகவ்கிஸ் மடக்கியபோது, ஈஸா (அலை) அவர்களைப் பற்றி அம்மன்னன் நம்பியதையே எடுத்துத் திருப்பிக் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அந்த மறுமொழி மடலில் எழுதப்பட்டிருந்ததன்று. அது பரிமேலழகர் சொல்லும் முதல் வகை.

ஹுதைபிய்யா (ஹிஜ்ரி 6, கி.பி. 628) இன்னும் தெளிவானது. மக்காவுக்குள் அனுப்பப்பட்ட உஸ்மான் (ரலி) அவர்களின் பணி, நாங்கள் போரிட வரவில்லை, உம்ராவுக்கே வந்தோம் என்ற செய்தியைச் சேர்ப்பது. குறைஷியர் அவர்களுக்கு மட்டும் தவாஃபு செய்ய இடம் தந்தனர். அனுப்பியவர் செய்யும் முன் தாம் செய்வதில்லை என்று மறுத்தார்கள். அதற்கு எதிரே குறைஷியர் அனுப்பிய ஸுஹைல் இப்னு அம்ரு உடன்படிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் பேசி முடிவுசெய்யும் அதிகாரத்தோடு வந்தவர். அவர் மறுத்த சொல் எது என்பது இக்கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது: ‘ரசூலுல்லாஹ்’ என்னும் சொல்லையே அவர் ஏற்கவில்லை, அதனை ஏற்றால் சண்டையே இல்லையே என்பது அவர் வாதம். முன்னவரும் தூதர், பின்னவரும் தூதர் என்று எழுதிவிட்டால், ஒருவரை ஏன் அவ்வளவு நேரம் பேசவிட்டார்கள், மற்றவர் ஏன் எதையும் பேரம் பேசவில்லை என்பது படிப்பவனுக்கு விளங்காது.

தூதுவனின் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். முஸைலமாவின் ஆட்கள் தம் தலைவனின் பொய்ந்நபித்துவத்தை மதீனாவிலேயே ஒப்புக்கொண்டபோதும், தூதுவர்கள் கொல்லப்படுவதில்லை என்ற நெறி அவர்களைக் காத்தது. குறைஷியரின் தூதராக வந்த அபூ ராஃபிஉ அங்கேயே இஸ்லாத்தைத் தழுவித் தங்கிவிட விரும்பினார். உடன்படிக்கையை முறிப்பதும் தூதரைத் தடுத்து வைப்பதும் தம் வழக்கமன்று என்று கூறி, திரும்பிச் சென்று பின்னர் மனம் அப்படியே இருந்தால் வருமாறு நபி (ஸல்) அனுப்பிவைத்ததாக அபூ தாவூதில் பதிவு உண்டு. வந்தவரின் ஈமானைவிடவும் வந்தவரின் தூதுநிலை அக்கணத்தில் முன்னுரிமை பெற்றது. இதற்கு மாறாக, புஸ்ராவுக்குச் சென்ற ஹாரிஸ் இப்னு உமைர் (ரலி) அவர்களை ஷுரஹ்பீல் கொன்றதே ஹிஜ்ரி 8இல் மூத்தா போருக்குக் காரணமாயிற்று. தூதுவரின் உடலைத் தொடலாகாது என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை எழுதியதை ஐரோப்பாவின் கண்டுபிடிப்பாகவே பாடநூல்கள் கற்பிக்கின்றன. இமாம் முஹம்மது அஷ்ஷைபானியின் ‘ஸியர்’ நூல்களை இத்துறையின் மூல நூல்களாக எடுத்துக்காட்டிய ஹைதராபாத் டாக்டர் ஹமீதுல்லாஹ் அவர்களின் உழைப்பு இங்கே நன்றியோடு நினைக்கத்தக்கது.

வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என்ற வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. நம் தென்சென்னைப் புறநகரிலேயே அது ஒரு போரை நிறுத்தியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் நகரத்துக்குச் செல்வோர் நாள்தோறும் கடக்கும் பரங்கிமலைப் பக்கம், 1769 மார்ச் இறுதியில் ஹைதர் அலி வந்து நின்றார். தேர்ந்தெடுத்த ஆறாயிரம் குதிரைவீரரோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, சென்னைக் கோட்டைக்கு ஐந்து மைல் தொலைவில் அவர் தோன்றியதாக வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாறு கூறும். அதற்கு முன்பே கும்பனியார் கேப்டன் புரூக் என்பவரை அனுப்பிப் பேசிப் பார்த்திருந்தனர், முடிவேதும் ஏற்படவில்லை. இப்போது ஹைதர் கேட்டது ஒன்றே: தூப்ரே வரவேண்டும். தூப்ரே கோட்டையின் ஆலோசனைச் சபை உறுப்பினர். அடுத்த ஆண்டே ஆளுநரானவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கூறப்படும் ஹைதர், கொண்டு வந்த சொல்லைச் சேர்த்துவிட்டுப் போகும் ஆளோடு பேச விரும்பவில்லை. பேசியதற்குக் கட்டுப்படக்கூடிய ஆளைக் கேட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தபோது கும்பனி அதனைக் காக்கவில்லை. 1780இல் ஹைதர் மீண்டும் கர்நாடகத்துக்குள் இறங்கியதற்கு அந்த வாக்குத் தவறுதலும் ஒரு காரணம்.

அக்காலத்தில் அரசவைகளுக்கிடையே இருந்த முகவரை நம்மவர் ‘வக்கீல்’ என்றே அழைத்தனர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவோர் இச்சொல்லை அப்பொருளில் காணலாம். பின்னர் வழக்குமன்றம் அதனைப் பிடித்துக்கொண்டது. தூதுப் பொருள் உதிர்ந்துவிட்டது. இன்று தமிழில் வக்கீல் என்றால் கருப்பு அங்கி மட்டுமே. நம்மிடம் இருந்த ஒரு சொல்லை நாமே கைநழுவ விட்டதற்கு இது சான்று.

இனி ‘துணைத் தூதரகம்’ என்னும் தொடருக்கு வருவோம். கான்சுலேட் என்பதற்கு நம் அரசும் நாளேடுகளும் ஆளும் தமிழ் இதுவே. இதனைக் கேட்பவர் தூதரகத்தின் கிளை, சிறிய தூதரகம் என்றுதான் கொள்வர். இருப்பிட அமைப்பில் அது ஒருவகையில் உண்மையும்கூட. ஆனால் பணியின் இயல்பால் கான்சல் தூதரின் துணைவர் அல்லர். அரசுக்கும் அரசுக்கும் இடையே நிற்பது தூதரகம். தன் நாட்டு மக்களுக்கும் அவர்கள் தங்கியிருக்கும் அயல்மண்ணுக்கும் இடையே நிற்பது கான்சுலேட். வியன்னாவில் இரண்டுக்கும் இரண்டு தனி உடன்படிக்கைகள் எழுதப்பட்டன: தூதரக உறவுக்கு 1961இல், கான்சல் உறவுக்கு 1963இல். பாதுகாப்புச் சலுகைகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தூதர் முற்றிலும் தீண்டப்படாதவர். கான்சலோ பெருங்குற்ற வழக்கில் உரிய நீதி அதிகாரியின் ஆணையின்பேரில் கைது செய்யப்படக்கூடியவர்.

சென்னையில் குழப்பம் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவுக்கு இங்கே இருப்பது கான்சுலேட். இலங்கைக்கும் பிரிட்டனுக்கும் இருப்பது துணை உயர் ஆணையம். ஒரே முடியின்கீழ் இருந்த நாடுகள் தம்முள் ‘தூதர்’ அனுப்புவது பொருந்தாது என்ற பழைய வழக்கின் எச்சமே பின்னது. மூன்றையும் தமிழ் நாளேடு துணைத் தூதரகம் என்றே அச்சிடும். இலங்கைத் தமிழர் இவ்வகையில் நம்மினும் கவனமானவர்கள். உயர் ஆணையரை அவர்கள் ‘உயர்ஸ்தானிகர்’ என்கின்றனர். ஒருவருடைய ஸ்தானத்தில் நிற்பவர் என்னும் அச்சொல் வகீலின் பொருளுக்கு நம் ‘தூத’ரைக் காட்டிலும் நெருங்கி நிற்கிறது. கான்சல் பணிகளைக் ‘கொன்சியூலர்’ என்று மூலச் சொல்லாலேயே குறிக்கின்றனர். வடசொல்லையும் அயற்சொல்லையும் ஆண்டார்கள் என்று குறை சொல்வோர் இருக்கலாம். பொருளைக் காப்பாற்றும் இரவல் சொல்லே பொருளைக் குழப்பும் சொந்தச் சொல்லைவிட மேல் என்பது என் கருத்து.

கான்சலின் மூதாதையைத் தேடுவோர் தூதரைத் தேடிப் போகக் கூடாது. வணிகரைத் தேடிப் போக வேண்டும். மலாக்காவில் தமிழ் வணிகர் உள்ளிட்டோரின் அலுவல்களைப் பார்க்கத் தனி ஷாபந்தர் இருந்தார். உஸ்மானிய அரசு பின்னாளில் தன் கான்சல்களை அப்பெயராலேயே அழைத்தது. அதற்கும் முன்பு பாண்டிய நாட்டில் நிகழ்ந்தது வஸ்ஸாஃபின் பாரசீக வரலாற்றில் கிடைக்கிறது. கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் அத்தீபியின் தம்பி தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பாண்டியருக்காக நிர்வகித்தார். ஆண்டுக்கு 1400 குதிரைகள் கீஷிலிருந்து வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலை 220 தங்க தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு என்பது ஏற்பாடு. இந்தக் கடைசி நிபந்தனையைப் பெற்றுத் தந்த திறமை எந்தத் தூதருடையதையும்விடக் குறைந்ததன்று! ஒரே ஆள் பாண்டியனின் அமைச்சர், மறுபுறம் குதிரை விற்பவரின் தம்பி. இக்காலத்துச் சட்டம் இதற்குப் புருவம் உயர்த்தும். ஆயினும் உள்ளூர்ப் பெருமகனையே அயல்நாட்டின் ‘கௌரவ கான்சல்’ ஆக்க 1963 உடன்படிக்கையும் தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மதோ அசல் ஸஃபீர். ஈரானின் கஸான் கான் அவரைச் சீனப் பேரரசரிடம் அனுப்பினார். திரும்பும் வழியில் மஅபர் கரையை நெருங்கும்போது இறந்து, தம் சிற்றப்பாவின் கப்ருக்கு அருகே அடக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் ஒருவர் கான்சலின் வேலையையும் மற்றவர் தூதரின் வேலையையும் செய்து, இருவரும் தமிழ்மண்ணில் அடங்கியிருக்கின்றனர். நம் வரலாற்று நூல்களோ இருவரையும் ‘அரபு வணிகர்’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றன.

இச்சொல்லாய்வு யாருக்குப் பயன் என்று கேட்கலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் மஹல்லாக்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அரிது. அரபுத் தாள் ஒன்று வந்தால் மக்கள் அரபிக் கல்லூரிக்குத்தான் எடுத்து வருகிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் தொடர் ‘சவூதி தூதரகம்’ என்பது. அது எது? தில்லியில் உள்ள சவூதி அரசின் தூதரகமா, ரியாதில் உள்ள இந்தியத் தூதரகமா? விசா கொடுப்பது முன்னது. அங்கே இறந்தவரின் உடலை அனுப்ப மறுப்பின்மைச் சான்று தருவதும், சிறையில் இருப்பவரைச் சென்று காண்பதும் பின்னது. நாளேடுகளும் ‘சவூதி தூதரகம் உறுதி’ என்று தலைப்பிட்டு, உள்ளே இந்தியத் தூதரகத்தின் அறிக்கையை வெளியிடுகின்றன. அரபில் இக்குழப்பத்துக்கு வழியில்லை: ‘ஸிஃபாரத்துல் ஹிந்த் ஃபிர் ரியாத்’ என்னும்போது அனுப்பியவர் யார், இருக்குமிடம் எது என்ற இரண்டும் அத்தொடரிலேயே நிற்கின்றன. துக்கம் நேர்ந்த வீட்டார் தவறான அலுவலகத்துக்கு மனு எழுதி, அது பதிலின்றிக் கிடக்கும் நாட்களில் ‘தூதரகம் கைவிட்டது’ என்று நொந்துகொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜித்தாவில் இறந்தவருக்கு ரியாத் தூதரகத்தையும், துபாயில் சிக்கியவருக்கு அபூதாபி தூதரகத்தையும் நாடுவது இதன் அடுத்த படி. ஜித்தாவிலும் துபாயிலும் இந்தியாவுக்குத் தலைமைக் கான்சுலேட்டுகள் தத்தம் எல்லைகளோடு இருக்கின்றன. ‘துணை’ என்ற சொல் அவற்றின் முழு அதிகாரத்தை மறைத்து, மேலிடத்துக்கே எழுதுவோம் என்று எண்ணச் செய்கிறது.

இன்னும் கடுமையானது கைதானவரின் நிலை. 1963 உடன்படிக்கையின் 36ஆவது கூறு, அயல்நாட்டில் பிடிக்கப்பட்டவர் தம் கான்சலுக்குத் தெரிவிக்குமாறு கேட்கலாம் என்றும், அவ்வுரிமை உண்டென்று அவருக்கு உடனே சொல்லப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இதனை மீறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் இந்தியா கேட்டதும் பெற்றதும் கான்சலின் அணுக்கமே. தூதரின் அணுக்கம் அன்று. தமிழ்ச் செய்திகள் அதனைத் ‘தூதரக அணுகல்’ என்றே மொழிபெயர்த்தன. தம்மாமில் ஒரு காவல் நிலையத்தில் அமர்த்தப்பட்ட நம் ஊர் இளைஞன் கேட்க வேண்டிய ஆளின் பெயரே அவன் தாய்மொழியில் இல்லை. கான்சல் வந்தால் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பதும் தெரியாது. அவர் நேரில் காணலாம், வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். தீர்ப்பை மாற்ற அவரால் இயலாது. தூதர் என்ற பெரிய சொல் பெரிய எதிர்பார்ப்பைத் தருகிறது. பின்னர் ஏமாற்றம் அதே அளவில் பெரிதாகிறது.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். ‘இறைத்தூதர்’ என்பது வேரூன்றிவிட்ட வழக்கு. அதனைத் தொடலாமா என்பர். அதனை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டே, தூதர் என்பவர் செய்தியைச் சேர்ப்பவர் மட்டும்தானே, அவருடைய சொல்லும் செயலும் நம்மை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று வாதிடுவோர் தமிழகத்திலும் உண்டு. ஸுன்னாவை மறுக்கும் அவ்வாதத்துக்கு மறுமொழி உஸூல் நூல்களில் விரிவாக உள்ளது. இங்கே அதற்கு இடமில்லை. அவ்வாதத்தின் பாதி வலிமை அரபு ‘ரசூல்’ என்பதிலிருந்து வரவில்லை, தமிழ்த் ‘தூதர்’ என்பதன் மெலிந்த வழக்கிலிருந்தே வருகிறது என்பதை மட்டும் சுட்டுகிறேன். ‘கூறியது கூறுவான்’ என்ற ஒரு வகையே தூதரின் முழுப்பொருள் என்று நினைத்துக்கொண்டவர்களின் வாதம் அது.

சீறா நூல்களை மறுபதிப்புச் செய்வோர், மடல் சுமந்தவரையும் பேச வந்தவரையும் உடன்படிக்கை எழுத வந்தவரையும் வேறு வேறு சொல்லால் குறிக்கலாம். வள்ளுவரின் ‘வழியுரைப்பான்’ காத்திருக்கிறது. கான்சலைக் கான்சல் என்றே எழுதலாம். பேருந்தையும் வங்கியையும் ஆக்கிக்கொண்ட மொழி, காரையும் போலீசையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் செய்ததல்லவா? நாளேடுகள் ‘சவூதியிலுள்ள இந்தியத் தூதரகம்’ என்று இரண்டு சொல் கூடுதலாக அச்சிட்டால் இடம் ஒன்றும் குறைந்துவிடாது. எங்கள் கல்லூரியில் மொழிபெயர்ப்பு வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு, இவ்வாண்டு முதல் ‘வகாலத்’ பாடத்தையும் குறளின் 69ஆம் அதிகாரத்தையும் ஒரே வாரத்தில் நடத்திவருகிறோம்.